ஏழாம் அத்தியாயம்: எதிர்க்கடை

வேலையை விட்டு நீங்கியவர் அதே தொழிலைத் தாமே தொடங்கும்போது எழும் வழக்குகள்

வாவிக்கரையிலே நண்டும் இறாலும் கொள்வனவு செய்து கொழும்புக்கு ஏற்றுகின்ற ஒரு வாடியை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். அதற்குப் பெயர் வேண்டியதில்லை. கல்லாறு தொடக்கம் ஏறாவூர் வரையிலே இத்தகைய வாடியைக் கண்டிராதவர் இந்நூலை வாசிப்போருள் ஒருவரும் இரார். விடியற்காலையில் தோணிகள் கரையேறும்போது தராசடியில் நிற்பவர் முதலாளியல்லர். பத்து ஆண்டுகளாக அங்கே வேலைபார்க்கும் கணக்குக்காரரே நிற்பார். கொடுக்குக் கட்டிய நண்டைத் தூக்கி, அதன் வயிற்றோட்டைப் பெருவிரலால் ஒரு தரம் அழுத்திப் பார்த்தமாத்திரத்தில், சதைப்பிடிப்புள்ளது இது, வெறுங்கூடு அது என்று பிரித்தெறிவார். அவருக்குப் பின்னால், பலகைச் சுவரில் அறைந்த ஆணியொன்றிலே, சணல் கோத்த சீஆர் கொப்பி ஒன்று தொங்கும். எந்தத் தோணிக்காரருக்கு எவ்வளவு முற்பணம் கொடுபட்டிருக்கிறது, கொழும்பிலே எந்தக் கொள்வனவாளர் எந்த அளவு நண்டுக்கு என்ன விலை தருகிறார் என்பனவெல்லாம் அதில் அவருடைய கையெழுத்திலேயே இருக்கும்.

ஒரு நாள் அவர் வேலையை விட்டு நீங்கி, அரைக் கட்டை தூரத்துக்கு அப்பால், சொந்தமாக ஒரு கொட்டிலும் தராசும் ஒரு பழைய பட்டா வாகனமும் வைத்துக்கொண்டு, அதே தொழிலைத் தொடங்குகிறார். அடுத்த கிழமையே தோணிகளிற் பாதி புதிய கொட்டிலை நோக்கித் திரும்புகின்றன. "நான் ஆளாக்கின பொடியன், எனக்கே எதிர்க்கடை போட்டிட்டான்" என்று முதலாளி கோவில் வீதியிலே மனம் வெதும்புகிறார். "பத்து வரிசம் மாடா உழைச்சதுக்கு எனக்கு என்ன மிஞ்சினது மச்சான்?" என்று மற்றவர் தம் கூட்டாளியிடம் கேட்கிறார். இரண்டு மாதத்துக்குள்ளாக ஒரு சட்டத்தரணியின் கடிதம் பதிவுத் தபாலில் போகிறது.

இத்தகைய விவகாரத்திலே சட்டம் யார் பக்கம் நிற்கும், எவ்வளவு தூரம் நிற்கும், அது நிற்கவேண்டுமாயின் இரு தரத்தாரும் முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டியவை யாவை என்பனவற்றை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நலம். நன்றி மறத்தல் நம் சமூகத்திலே பெரும் பழியாயினும், நன்றியின்மைக்கு நட்டஈடு தரும் நீதிமன்றம் எதுவும் இல்லை. விலகிப்போனவர் எதைக் கொண்டுபோனார் என்பதையே நீதிமன்றம் கேட்கும்.

சட்டத்தின் பூர்வீகம்

மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது 1638ஆம் ஆண்டில். அவர்கள் இந்நாட்டின் கரையோரங்களில் விட்டுச்சென்றவற்றுள் கோட்டைச் சுவர்களைக் காட்டிலும் நீடித்து வாழ்வது அவர்களுடைய உரோமன் டச்சுச் சட்டம். 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் ஆங்கிலேயர் அதனை நீக்காமல் நிலைபெறச் செய்தனர். பின்னர் 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியே, பங்குடைமை முதலாய வர்த்தக விஷயங்கள் சிலவற்றில் ஆங்கிலச் சட்டத்தையும் கொண்டுவந்து சேர்த்தனர். ஆதலின் ஒப்பந்தம் பற்றிய அடிப்படை ஒல்லாந்தர் வழியிலும், வியாபாரம் பற்றிய பல நியாயங்கள் ஆங்கிலேயர் வழியிலும் வந்து, ஒரே நீதிமன்றத்தில் கலந்து ஒலிக்கின்றன.

இந்தியாவின் நிலை வேறு. அங்கே 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழிலைச் செய்யாதபடி தடுக்கும் உடன்படிக்கை அந்த அளவுக்குச் செல்லாது என்று விதிக்கிறது. வியாபாரத்தின் நற்பெயரை விற்றவர் போன்றோருக்கே விதிவிலக்கு உண்டு. ஊழியர் வேலையில் இருக்கும் காலத்துக்கு இடப்படும் தடை செல்லும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்த்ததெனினும், வேலையை விட்ட பின்னரும் தொடரும் தடை அங்கே நிற்பது அரிது. நம் நாட்டிலே அத்தகைய பிரிவு இல்லை. ஆகவே சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் உறவினர் "அந்தக் கையெழுத்தெல்லாம் செல்லாது" என்று தொலைபேசியிற் சொல்வதை நம்பி, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மீறுதல் அறிவுடைமையாகாது. இங்கே ஒவ்வொரு தடையும், அது நியாயமானதா என்ற தராசில் வைத்தே நிறுக்கப்படும்.

மீனும் வலையும்

உரோமருடைய சட்டத்திலே பழைய விதி ஒன்று உண்டு: நீரிலே சுயேச்சையாகத் திரியும் மீன் எவருக்கும் உடைமையன்று, பிடித்தவருக்கே அது உரியது. ஆனால் பிடிக்கும் வலை, வலைக்காரருடைய உடைமை. வாவியை நம்பி வாழும் நமக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இந்த அத்தியாயத்தின் விவகாரத்துக்கும் இதுவே நல்ல அளவுகோல். வாடிக்கையாளர் நீரில் திரியும் மீனைப் போன்றவர்; நேற்று ஒரு கடைக்கு வந்தவர் நாளை இன்னொரு கடைக்குப் போவதை எந்த முதலாளியும் உரிமைபற்றித் தடுத்தல் இயலாது. அவரைப் பிடித்துத் தந்த வலையோ, அதாவது கணக்குக் கொப்பி, விலைப்பட்டியல், செய்முறைக் குறிப்பு, கணினியிலுள்ள பதிவு ஆகியனவோ, அவற்றை உருவாக்கப் பொருள் செலவிட்ட தொழில் நிலையத்துக்கே சொந்தம்.

இவ்விரண்டுக்கும் நடுவிலே சிக்கலான ஒன்று இருக்கிறது: பழக்கத்தினால் ஊழியர் மனத்திலே பதிந்துவிட்ட அறிவு. நண்டை அழுத்திப் பார்த்துத் தரம் அறியும் விரலின் பயிற்சி, முதலாளியின் சம்பளத்தில் பெற்றதேயாயினும், அந்த விரலைவிட்டுப் பிரிக்க முடியாதது, அது அவருடையது. இன்ன தோணிக்காரர் நேர்மையானவர், இன்னவர் முற்பணம் வாங்கி ஏய்ப்பவர் என்ற நினைவும் பெரும்பாலும் அப்படியே. இதே பிரச்சினை இங்கிலாந்திலே ஃபசெண்டா சிக்கன் என்ற கோழி இறைச்சிக் கம்பனியின் வழக்கில் 1986ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்தது. குளிரூட்டிய வாகனங்களிலே கோழி இறைச்சியை ஊர் ஊராக விற்கும் பகுதியை நடத்திய முகாமையாளர் விலகி, அதே பிரதேசத்தில் அதே முறையில் சொந்த வியாபாரம் தொடங்கினார்; பழைய கம்பனியின் ஊழியர் சிலரும் அவரோடு போனார்கள். வாடிக்கையாளரின் பெயர், போகும் பாதை, கொடுக்கும் நேரம், விலை ஆகியன எல்லாம் கம்பனியின் இரகசியங்கள் என்று கம்பனி வாதாடித் தோற்றது. அவை வேலையின் போக்கிலே தாமாக மனத்தில் தங்கியவை என்றும், உயர்ந்த தரத்து இரகசியம் அல்ல என்றும், அவற்றைப் பின்னர் பயன்படுத்தாதபடி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதையும் கம்பனி எழுதி வாங்கியிருக்கவில்லை என்றும் தீர்ப்பாயிற்று.

இதற்கு மறுபுறத்தை 1895ஆம் ஆண்டின் இன்னொரு ஆங்கில வழக்கு காட்டும். வேட்டைப் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் விற்கும் பண்ணையொன்றின் முகாமையாளர், தாம் வேலையில் இருக்கும்போதே, பின்னாளில் தாமே தொடங்கவிருந்த வியாபாரத்துக்கென்று, வாடிக்கையாளர் பெயர்களைக் கட்டளைப் புத்தகத்திலிருந்து இரகசியமாகப் பிரதி செய்துகொண்டார். அவர் தோற்றார். மனத்தில் தங்கியதைக் கொண்டுபோதல் ஒன்று, இருந்து எழுதிக்கொண்டு போதல் வேறொன்று என்பதும், ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லாவிடினும் வேலையில் இருக்கும்வரை விசுவாசம் என்னும் கடப்பாடு உண்டு என்பதும் அத்தீர்ப்பின் சாரம். இக்காலத்திலே பேனாவுக்குப் பதில் கைத்தொலைபேசியின் கமரா வந்துவிட்டது, நியாயம் மாறவில்லை.

நமது நாட்டில் இதற்கென எழுதப்பட்ட சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, நேர்மையான வழக்கத்துக்கு மாறான வியாபாரச் செயல்களையும், வெளிப்படுத்தப்படாத தகவலை உரியவரின் சம்மதமின்றி எடுத்துப் பயன்படுத்துதலையும் நியாயமற்ற போட்டி என்கிறது. ஆனால் ஒரு தகவல் அந்தப் பாதுகாப்பைப் பெறவேண்டுமாயின், அது அத்துறையில் புழங்குவோருக்குப் பொதுவாகத் தெரியாததாயும், தெரியாமையினாலேயே பெறுமதி உடையதாயும், அதனை மறைவாக வைத்திருக்க உரியவர் நியாயமான நடவடிக்கை எடுத்ததாயும் இருத்தல் வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையிலே நம்மவர் பெரும்பாலோர் தோற்றுப்போவர். ஆணியிலே தொங்கிய கொப்பியை, தேநீர் கொண்டுவந்த சிறுவன்முதல் ஐஸ் ஏற்ற வந்த சாரதிவரை எல்லாரும் புரட்டிப் பார்த்திருக்க, அதனை இரகசியம் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஒரு மேசை லாச்சியும் அதற்கொரு பூட்டும், கணினிக்கு ஒரு கடவுச்சொல்லும், "இந்தப் பட்டியல் நிலையத்தின் இரகசியம்" என்று நியமனக் கடிதத்தில் ஒரு வரியும் பின்னாளில் வரும் வழக்கிலே பெரும் பலமாக வந்து நிற்கும்.

போட்டித்தடை வாசகம் எழுதும் முறை

முதலாளிமார் பலர், கொழும்புக் கம்பனியொன்றின் ஆங்கிலப் படிவத்தைப் பெற்று, பெயரை மட்டும் மாற்றி, ஊழியரிடம் கையெழுத்து வாங்கிவிடுகின்றனர். "ஐந்து ஆண்டுகளுக்கு இலங்கையின் எப்பகுதியிலும் இத்தொழிலில் ஈடுபடேன்" என்று அதில் இருக்கும். எவ்வளவு அகலமாக எழுதுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது அவர்கள் எண்ணம். உண்மை இதற்கு நேர்மாறானது.

1913ஆம் ஆண்டிலே ஆங்கிலப் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கொன்று, காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளிலே புடவைக்கட்டு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் தவணைக்கு விற்று வரும் தம்பிமாருக்கு நன்றாக விளங்கும். இலண்டனிலே கடனுக்கு உடுப்பு வாங்க வழிசெய்துகொடுத்த கம்பனியொன்று, வீடு வீடாகச் சென்று ஆள்பிடித்துத் தவணைப்பணம் வசூலிக்கும் ஊழியரிடம், வேலையை விட்ட பின் மூன்று ஆண்டுகளுக்கு இலண்டனிலிருந்து 25 மைல் சுற்றளவில் அத்தொழிலைச் செய்வதில்லை என்று எழுதி வாங்கியிருந்தது. அவர் உண்மையில் வேலை செய்ததோ அப்பெருநகரின் ஒரு சிறு பகுதியில். தடை மிதமிஞ்சியது என்று கூறி, பிரபுக்கள் சபை அதனை முழுவதுமாகவே தள்ளிவிட்டது. வேண்டிய அளவுக்குக் குறைத்து எழுதித் தருமாறு கேட்ட கம்பனிக்கு அந்த உதவியும் கிடைக்கவில்லை. 25 மைலை நம் ஊரில் அளந்தால், மட்டுநகரில் நின்று கல்முனையையும் உள்ளடக்கிவிடும். ஏறாவூரிலும் செங்கலடியிலும் மட்டும் திரிந்த ஒருவரை அவ்வளவு தூரத்துக்குத் தடுப்பது எதற்கென்று நீதிபதி கேட்பார்.

வியாபாரத்தையே விற்றவர் நிலை இதனின் வேறுபட்டது. 1894ஆம் ஆண்டின் நோர்டன்ஃபெல்ட் வழக்கிலே, பீரங்கித் தொழிலைப் பெருந்தொகைக்கு விற்ற ஒருவர்மீது 25 ஆண்டுகளுக்கு உலகம் முழுவதற்கும் இடப்பட்ட தடை செல்லும் என்று தீர்ந்தது. விற்றதற்கு விலை வாங்கியவர், விற்ற பொருளைத் திரும்பத் தம் கையிலே வைத்துக்கொள்ள முடியாதன்றோ? ஆதலின் கடையை விற்பவரிடம் வாங்கும் தடை நீளலாம். சம்பளக்காரரிடம் வாங்கும் தடை சுருங்கவேண்டும்.

தடை நியாயமானதென்று நாட்டவேண்டியவர் யார் என்பதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. ஆங்கிலச் சட்டத்திலே அந்தப் பாரம் தடையைப் பிடித்து நிற்பவர் தலைமேல் விழும். நம்மைப்போலவே உரோமன் டச்சுச் சட்டத்தைக் கைக்கொள்ளும் தென்னாபிரிக்காவில், 1984ஆம் ஆண்டின் மக்னா அலோய்ஸ் தீர்ப்புக்குப் பின்னர், தடையை எதிர்ப்பவரே அது பொதுநலனுக்கு விரோதமானதென்று காட்டவேண்டும். இங்கே வழக்குக்குப் போகும் முதலாளி, பாரம் தம்முடையதே என்று எண்ணி ஆயத்தமாய்ப் போவதே பத்திரமான வழி.

சிறு வியாபாரத்துக்குப் போதுமான வாசகம் இவ்வாறிருக்கலாம்:

"வேலையை விட்டு நீங்கிய நாளிலிருந்து ஆறு மாத காலத்துக்கு, நீங்குவதற்கு முந்திய பன்னிரண்டு மாதங்களுள் நிலையத்தின் சார்பில் தாம் நேரடியாகக் கொடுக்கல் வாங்கல் நடத்திய கொள்வனவாளர்களிடம், அதே வகைச் சரக்கை விற்கும் பொருட்டு, ஊழியர் தாமாகச் சென்று கேட்கமாட்டார்."

இவ்வாசகம் தொழில் செய்வதைத் தடுக்கவில்லை. பழைய கொள்வனவாளரை மட்டும் சிறிது காலத்துக்கு விலக்கி வைக்கிறது. அதனாலேயே நீதிமன்றத்திலே நிலைக்கத்தக்கது. கையெழுத்திடும் ஊழியர் தமிழ் வாசிப்பவராயின் ஒப்பந்தத்தைத் தமிழிலேயே எழுதுக. அவரிடம் ஒரு பிரதியைக் கொடுக்க. ஊழியரும், விளங்காத மொழியில் எழுதிய கடதாசியிலே "சும்மா ஒரு கையெழுத்துத்தானே" என்று ஒப்பமிடல் ஆகாது. கையெழுத்திட்டவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்பதே சட்டத்தின் பொது விதி.

விலகுவோர் கைக்கொள்ளவேண்டிய ஒழுங்கு

இந்த வகை வழக்குகளிலே வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை, வேலையின் கடைசி ஒரு மாதத்திலே நடந்த காரியங்கள். வேலையில் இருக்கும்போதே எதிர்காலத் தொழிலுக்கு ஆயத்தம் செய்தல் குற்றமன்று: இடம் பார்க்கலாம், வங்கியிலே கடன் கேட்கலாம், பிரதேச செயலகத்தின் வழியே வியாபாரப் பெயரைப் பதியவும் முற்படலாம். ஆனால் சம்பளம் வாங்கும் நாளிலே அந்தச் சம்பளம் தருபவருக்கு எதிராக வியாபாரத்தைத் தொடங்குதலும், வாடிக்கையாளரிடம் "அடுத்த மாதம் என்னிடம் வாருங்கள்" என்று சொல்லி வைத்தலும், உடன் வேலை செய்யும் பொடியன்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் புறப்படுதலும் விசுவாசக் கடப்பாட்டை மீறும் செயல்கள். கம்பனியின் பணிப்பாளராயிருந்து விலகுபவருக்கு இன்னும் கடுமையான பொறுப்பு உண்டு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டம், அவர் நல்லெண்ணத்தோடு கம்பனியின் நலனுக்காகவே நடக்கவேண்டும் என்று விதிக்கிறது.

ஆகவே விலகல் கடிதத்தை எழுத்திலே கொடுத்து, ஒரு பிரதியில் பெற்றுக்கொண்ட ஒப்பம் வாங்கி, முன்னறிவித்தற் காலம் முழுவதையும் ஒழுங்காக வேலை செய்து கழிக்கவேண்டும். கொப்பிகள், சாவிகள், தராசுப் படிகள், தொலைபேசி அட்டை ஆகியவற்றை ஒரு பட்டியலிட்டு ஒப்படைத்து, அப்பட்டியலிலும் கையெழுத்து வாங்கவேண்டும். தம் சொந்தத் தொலைபேசியிலே நிலையத்தின் வட்ஸ்அப் குழுக்களும் விலைப்படங்களும் இருப்பின், முதலாளியின் முன்னிலையிலேயே நீக்கிவிடுவது உத்தமம். நிலையத்தின் கணினியிலே அனுமதியின்றிப் புகுந்து தரவுகளை எடுத்தல் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ்க் குற்ற வழக்காகவும் மாறக்கூடும். தோணிக்காரர் வாங்கிய முற்பணம் பழைய முதலாளிக்குரிய கடன். அதனைத் தீர்த்துவிட்டு அவர்கள் எங்கே விற்பதும் அவர்கள் இஷ்டம். "அதைக் கொடுக்காதேயுங்கோ, நான் பார்த்துக்கொள்றன்" என்று புதிய கடைக்காரர் சொல்லிவிட்டால், இல்லாத வழக்குக்கு உயிர் கொடுத்தவர் ஆவார்.

புதிய கடையின் பெயரிலும் சிரத்தை வேண்டும். பழைய கடையின் பெயருக்கு முன் "நியூ" என்றொரு சொல்லைச் சேர்த்துப் பலகை மாட்டுதல் நம் ஊர்களிலே சாதாரணம். பொதுமக்கள் இரண்டையும் ஒன்றென மயங்குமாறு பெயரிடுதலும் நியாயமற்ற போட்டியே. வியாபாரப் பெயர்ப் பதிவு பெயருக்கு உடைமை தருவதன்று என்பதைப் பழைய முதலாளியும் உணரவேண்டும். குறியீடு உண்மையில் பெறுமதி வாய்ந்ததாயின், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திலே வியாபாரக் குறியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அப்பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னரும் புதுப்பிக்கலாம்.

முதலாளி செய்யத் தகாதவை

கோபத்தின் முதல் வேகத்திலே முதலாளிமார் செய்வது, விலகியவருடைய கடைசிச் சம்பளத்தையும் பணிக்கொடையையும் நிறுத்தி வைத்தல். இதனால் நியாயமுள்ள வழக்கும் பழுதடையும். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்த நிலையத்திலே ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. வேலை முடிந்து முப்பது நாளுக்குள் அது கொடுபடவேண்டும். மோசடி, நிதிக் கையாடல், சொத்துக்கு வேண்டுமென்று விளைத்த சேதம் முதலிய காரணங்களுக்காக வேலையினின்று நீக்கப்பட்டவரிடமே, அதுவும் நேர்ந்த நஷ்டத்தின் அளவுக்கே, அதனைப் பிடித்துக்கொள்ள இயலும். எதிர்க்கடை போட்டமை அந்தக் காரணங்களுள் ஒன்றன்று. முதலாளியின் 12 வீதமும் ஊழியரின் 8 வீதமுமாகச் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியோ முதலாளியின் கைக்கு எட்டாத பணம். சேமலாப நிதியே கட்டாமல் பத்து ஆண்டுகள் ஒருவரை வைத்திருந்தவர், நம்பிக்கைத் துரோகம் என்று முறையிட்டு நீதிமன்றம் செல்வாராயின், அவருடைய கைகள் சுத்தமானவையா என்பதையே நீதிபதி முதலில் பார்ப்பார்.

இரண்டாவது தவறு, உடனே பொலிஸ் நிலையம் போய் "களவு" என்று முறைப்பாடு எழுதுதல். பணமோ சரக்கோ உண்மையில் கையாடப்பட்டிருந்தால் நம்பிக்கை மோசடி என்ற குற்றம் உண்டு. வாடிக்கையாளர் போய்விட்டார் என்பதற்காக அவ்வாறு எழுதினால், அந்த முறைப்பாடு நிரூபணமாகாமல், பின்னர் வரும் சிவில் வழக்கிலே எதிராளிக்கு ஆயுதமாகிவிடும். இவற்றுக்குப் பதிலாக, எந்தக் கொப்பி எப்போது காணாமற்போயிற்று, எந்தக் கொள்வனவாளர் எந்தத் திகதியில் நின்றார், அவரிடம் யார் பேசினார்கள் என்பனவற்றைத் திகதி வாரியாக ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் செல்வது பயன் தரும்.

வழக்காடும் வழி

இத்தகைய விவகாரத்திலே இறுதித் தீர்ப்பைக் காட்டிலும் இடைக்காலத் தடையே பெரும்பாலும் முக்கியமானது. நாலைந்து ஆண்டு கழித்து வரும் தீர்ப்பு, அதற்குள் பழைய கடையோ புதிய கடையோ மூடப்பட்ட பிறகு, யாருக்கு என்ன பயன் தரும்? எதிராளிக்கு அறிவித்தல் இன்றியே பெறக்கூடிய அவசரத் தடைக்கட்டளை பதினான்கு நாளுக்கே செல்லும். பின்னர் நீதிமன்றம் விரும்பினால் நீடிக்கும். இடைக்காலத் தடை கோருபவர், தம் பக்கத்திலே வாதத்துக்கு இடமுள்ள வழக்கு உண்டென்றும், தடை தராவிட்டால் தமக்கு நேரும் இடர், தந்தால் எதிராளிக்கு நேரும் இடரைவிடப் பெரிதென்றும், தம் நடத்தை குற்றமற்றதென்றும் காட்டவேண்டும். ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவசரம் என்று ஓடுபவருடைய அவசரத்தை நீதிபதி நம்பமாட்டார். விலகியவருடைய ஜீவனோபாயம் முழுவதும் அந்தத் தடையால் நின்றுபோகும் என்பதும் தராசின் மறுதட்டிலே பாரமாக அமரும்.

ஒப்பந்த மீறலுக்கான நட்டஈட்டை மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்திலே, தமிழிலேயே, கேட்கலாம். புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் நியாயமற்ற போட்டி என்று வழக்கிட்டால், மாகாணத்திலே அந்த அதிகாரம் பெற்ற மேல் நீதிமன்றம் இல்லாதவிடத்து, கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கே செல்லவேண்டும். முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பிரயாணமும், ஆங்கிலத்தில் ஆயத்தம் செய்யவேண்டிய ஆவணங்களும், ஒவ்வொரு தவணைக்கும் இரவு ரயில் ஏறிப்போய் "திகதி மாற்றப்பட்டது" என்று கேட்டுத் திரும்பும் அலுப்பும் நண்டு வாடியின் இலாபத்தைத் தின்றுவிடும் என்பதை வழக்கு வைக்குமுன் கணக்கிட்டுப் பார்க்க. காலவரையறையும் உண்டு: எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு, வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டு, ஒப்பந்தம் சாராத தீங்குக்கு இரண்டு ஆண்டு என்று 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் வரையறுக்கிறது. தம்மை அநியாயமாக நீக்கினார்கள் என்று முறையிடும் ஊழியர் தொழில் நியாயசபைக்கு ஆறு மாதத்துக்குள் செல்லவேண்டும்.

தொகை சிறிதாயின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபை நல்ல இடம். அங்கே கட்டணமும் இல்லை, சட்டத்தரணிமாரும் பேசுவதில்லை. ஊரறிந்த மூவர் நடுவிலே இருக்க, முற்பணக் கணக்கைத் தீர்த்துப் பழைய கொள்வனவாளர் இருவரை ஒருவருக்கு விட்டுக்கொடுத்து முடிகின்ற இணக்கம், பல வேளைகளில், எந்த நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டிலும் நீடித்து நிற்கும். வசதியற்ற தரத்தார் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

பங்காளியா, சம்பளக்காரரா?

நம் பிரதேசத்து வழக்குகளிலே தனியே நோக்கத்தக்க ஒன்று, விலகியவர் மச்சானாகவோ மருமகனாகவோ இருத்தல். "சம்பளம் எண்டு நான் வாங்கினதில்லை, எனக்கும் இதில பங்கிரிக்கி" என்று அவர் சொல்வார், "பங்கு எண்டு நான் சொன்னதேயில்லை, மாசச் செலவுக்குக் குடுத்தன்" என்று மாமனார் சொல்வார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட மூலதனமுள்ள பங்குடைமையை எழுத்தில் ஒப்பமிட்டாலன்றி நிலைநாட்ட முடியாது என்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு இன்று ஒரு கூடை நண்டும் வாங்க முடியாதாகையால், ஏறக்குறைய எல்லாப் பங்குடைமைகளும் இவ்விதிக்குள் அடங்கும். எழுத்தில்லாத மருமகன் பங்காளி என்று கூறி இலாபம் கேட்டலும் அரிது. எழுத்துள்ள பங்காளி, பங்காளியாய் இருந்துகொண்டே எதிர்க்கடை நடத்தினால், அதில் வந்த இலாபத்துக்குக் கணக்குக் காட்டவேண்டியவரும் ஆவார். கலியாணப் பேச்சிலே சீதன வளவுக்கும் வீட்டுக்கும் உறுதி எழுதும் நாம், கடைக்கு மட்டும் ஒரு தாளும் எழுதாமல் விடுவது விந்தையே.

முதலில் நாம் கண்ட வாடிக்குத் திரும்புவோம். முதலாளி வந்து சட்டத்தரணியின் முன் அமர்ந்து, பொடியனை ஆளாக்கிய கதையை அரை மணி நேரம் சொல்லுகிறார். அந்த நியமனத்துக்குக் கடிதம் இல்லை. போட்டித்தடை வாசகம் இல்லை. தோணிக்காரர் தாமாகவே போயிருக்கிறார்கள். சட்டத்தரணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஐயா, அந்த சீஆர் கொப்பி இப்ப எங்க இரிக்கி?" என்று வினவுகிறார். அது இன்னும் பழைய ஆணியிலேயே தொங்குகிறதாயின், முதலாளி வீட்டுக்குப் போய் நண்டுக்கு விலையைச் சற்று உயர்த்திக் கொடுப்பதே நல்ல ஆலோசனை. ஆணி வெறுமையாயிருந்தாலோ, அந்தக் கொப்பியின் பக்கங்கள் புதிய கொட்டிலுக்காரருடைய தொலைபேசியிலே படமாக இருப்பது தெரிந்தாலோ, சட்டத்தரணி பேனாவைத் திறப்பார்.